பிளக் பாயிண்டுக்கு அந்தப் பக்கம்: பிரிட்டன் பாதி வழி வந்த கதை

2024 செப்டம்பர் 30, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் ராட்கிளிஃப் ஆன் சோர் அனல்மின் நிலையம் அன்றோடு ஓய்ந்தது. 2,000 மெகாவாட், எட்டு குளிர்விப்புக் கோபுரங்கள், 199 மீட்டர் உயரப் புகைபோக்கி என்று 1960-களின் கடைசியில் ஓடத் தொடங்கிய நிலையம். பிரிட்டனில் மிச்சமிருந்த ஒரே நிலக்கரி மின் நிலையமும் அதுதான். 1882-ல் லண்டனின் ஹோல்பர்ன் வயடக்டில் எடிசனின் ஆட்கள் நிலக்கரியை எரித்து விளக்கேற்றியதில் ஆரம்பித்த 142 வருடக் கதை அங்கே முடிந்தது. ஜி7 நாடுகளில் நிலக்கரி மின்சாரத்தை முழுக்கக் கைவிட்ட முதல் நாடு பிரிட்டன்.

அதே செப்டம்பர் 30 அன்று, வேல்ஸின் தென்கரையில் போர்ட் டால்பட் ஊரில் டாடா ஸ்டீலின் 4ஆம் எண் ஊதுலையும் அணைந்தது. 5ஆம் எண் உலை ஜூலையிலேயே நின்றிருந்தது. இரும்புத்தாதுவை உருக்கிப் புது இரும்பு எடுக்கும் வேலை அந்த ஊரில் அத்துடன் சரி.

ராட்கிளிஃபில் கடைசி நாளன்று இருந்த ஊழியர்கள் சுமார் 170 பேர். மூடப்போவது பல வருடம் முன்பே தெரிந்த விஷயம். போர்ட் டால்பட் அப்படியில்லை. பிரிட்டனில் டாடா ஸ்டீல் குறைப்பதாக அறிவித்த வேலைகள் சுமார் 2,800. பெரும்பங்கு இந்த ஒரே ஊரில். ஆலையை நம்பித் தலைமுறைகளாக வாழ்ந்த ஊர் அது. உமிழ்வுக் கணக்கு எழுதுகிறவருக்கு இரண்டும் கழித்தல் குறிதான். ஆனால் ஒன்றில் எரிபொருள் மாறியது, இன்னொன்றில் ஒரு ஊரின் தொழில் போனது.

ஒரு நாடு உமிழ்வின் உச்சத்தைத் தாண்டி, கார்பன் சமநிலைக்கு எப்படி இறங்குகிறது என்று பார்க்க பிரிட்டனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது நிலக்கரியில் முதலில் ஏறிய நாடு, இறங்குவதிலும் பலரை முந்தி நிற்கும் நாடு. நான் படித்துப் புரிந்துகொண்ட வரையில், அந்த நாடு இதுவரை வந்த பாதி வழி வீட்டுச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டுக்கு அந்தப் பக்கம் நடந்தது. எங்கோ ஒரு ஆலை மூடியது, எங்கோ கடலில் காற்றாலை சுழன்றது. வீட்டுக்காரர் டீ போட கெட்டிலைத் தட்டினால் எப்போதும்போல் தண்ணீர் கொதித்தது. மிச்சப் பாதி பிளக்குக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள் இருக்கிறது. கஷ்டம் அங்கேதான்.

யாரும் அறிவிக்காத உச்சம்

பிரிட்டனின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 1970-களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டது, ஆண்டுக்குச் சுமார் 66 கோடி டன். அதை யாரும் இலக்காக வைக்கவில்லை. இன்று நாடுகள் ‘இந்த ஆண்டுக்குள் உச்சம்’ என்று ஐ.நா. மேடையில் ஏறி அறிவிக்கின்றன. பிரிட்டன் அதைத் தாண்டியபோது அப்படி ஒரு சொல்லே புழக்கத்தில் இல்லை.

பிறகு நடந்த இறக்கத்துக்கும் தொடக்கத்தில் பருவநிலைக் கவலை காரணமில்லை. 1973 எண்ணெய் நெருக்கடி, கனரகத் தொழில்களின் சரிவு, அப்புறம் நிலக்கரிச் சுரங்கங்களின் முடிவு. 1913-ல் ஆண்டுக்கு 28 கோடி டன்னுக்கு மேல் வெட்டி, பத்து லட்சத்துக்கும் அதிகமானோருக்குச் சோறு போட்ட தொழில் அது. 1984 மார்ச்சில் சுரங்கங்களை மூடும் திட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு வருடம் நீடித்து, தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பினார்கள். நாட்டிங்காம்ஷயர் சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அந்த வேலைநிறுத்தத்தில் சேராமல் நிலக்கரி வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த மாவட்டத்து நிலக்கரியை எரித்த நிலையங்களில் ஒன்றுதான் ராட்கிளிஃப். அந்தப் பிளவு அங்கே இன்னும் ஆறவில்லை என்பார்கள். சேராததால் சுரங்கம் பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. நாட்டிங்காம்ஷயரின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015 ஜூலையில் மூடப்பட்டது. நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி அதே டிசம்பரில். அதன்பின் ராட்கிளிஃப் எரித்தது பெரும்பாலும் கப்பலில் வந்த நிலக்கரி.

நிலக்கரி விட்ட இடத்துக்கு எரிவாயு வந்தது. 1990-ல் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி, எரிவாயு பெயருக்குத்தான். மின்வாரியம் தனியார்மயமானது. மின் உற்பத்திக்கு எரிவாயுவைக் கட்டுப்படுத்திய ஐரோப்பிய விதி நீங்கியது. வடகடலில் எரிவாயு கிடந்தது. சீக்கிரம் கட்டி முடிக்கக்கூடிய நிலையங்கள் லாபமாகத் தெரிந்தன. பத்து வருடத்தில் எரிவாயு 40 விழுக்காட்டை நெருங்கிவிட்டது. ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி கக்கும் கார்பனில் பாதிகூட எரிவாயு கக்குவதில்லை. எனவே சந்தைக்காகச் செய்ததில் பருவநிலைக்கும் லாபம்.

இதை ‘வழிமுறை’ என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். சுரங்க ஊர்களுக்கு மாற்று வேலை என்று உருப்படியாக எதுவும் போய்ச் சேரவில்லை. போர்ட் டால்பட் மக்கள் 2024-ல் பயந்ததற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

பட்ஜெட் போட்டு இறங்குவது

திட்டமிட்ட இறக்கம் 2008-ல்தான் ஆரம்பம். அந்த நவம்பரில் பருவநிலை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1990-ஐவிட 2050-ல் 80 விழுக்காடு குறைவு என்பது இலக்கு. நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 2019 ஜூனில் பிரதமர் தெரசா மே பதவி விலகும் நேரத்தில் 80-ஐ 100 ஆக்கிவிட்டுப் போனார். அதாவது நிகர பூஜ்ஜியம்: வெளியேற்றுவதும் உறிஞ்சுவதும் சமமாக வேண்டும்.

இலக்கைவிட எனக்குப் பிடித்தது அந்தச் சட்டத்தின் உள்வேலை. 2050 என்பது எந்த அமைச்சருக்கும் கவலை தராத தூரம். அன்று அவர் இருக்கப்போவதில்லை. அதனால் சட்டம் காலத்தை ஐந்தைந்து வருடமாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘கார்பன் பட்ஜெட்’ வைத்தது. முதல் பட்ஜெட் 2008 முதல் 2012 வரை, 301.8 கோடி டன். ஆறாவது பட்ஜெட் 2033 முதல் 2037 வரை, 96.5 கோடி டன். ஒவ்வொன்றையும் 12 வருடம் முன்பே சட்டமாக்கியாக வேண்டும். பருவநிலை மாற்றக் குழு என்ற சுதந்திர அமைப்பு, எவ்வளவு குறைக்கலாம் என்று ஆலோசனை சொல்லும். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு மார்க் ஷீட் கொடுக்கும். அரசு பதில் சொல்லியாக வேண்டும். நம்மூரில் தணிக்கை அறிக்கை வரும்போது ஒரு வாரம் சத்தம் இருக்குமே, அந்தச் சத்தத்தை வருடந்தோறும் நிச்சயமாக்கிவிட்டார்கள்.

அதற்குப் பல்லும் உண்டு. அரசின் நிகர பூஜ்ஜியத் திட்டத்தில், எந்த நடவடிக்கையால் எவ்வளவு குறையும் என்ற விவரம் போதவில்லை என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் அரசின் திட்டம் சட்டப்படி செல்லாது என்றது. அரசு திருத்தி எழுதியது. 2024 மே மாதம் அதுவும் போதாது என்று இன்னொரு தீர்ப்பு. மின் நிலையத்தை நீதிமன்றம் மூடாது, சரி. ஆனால் ‘எப்படிச் செய்யப்போகிறாய், எழுதிக் காட்டு’ என்று ஒரு அரசை உட்கார வைக்க முடிந்ததே பெரிய விஷயம்.

இந்த ஒருமித்த கருத்து இப்போது உடைந்திருக்கிறது. 2025 அக்டோபரில் எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர் கெமி பேடனாக், ஆட்சிக்கு வந்தால் இந்தச் சட்டத்தையே ரத்து செய்வோம் என்று அறிவித்தார். தெரசா மேயின் கட்சிதான் அது. மறுபக்கம், 2008-ல் எரிசக்தி, பருவநிலைத் துறைக்கு அமைச்சராக இருந்த தொழிற்கட்சியின் எட் மிலிபேண்ட் 2024 ஜூலையில் அதே நாற்காலிக்குத் திரும்பியிருக்கிறார்.

18 பவுண்டு

சட்டம் இலக்கு சொல்லும். நிலக்கரியை மூட்டை கட்ட வைத்தது காசு. முழுக் கதையிலும் படிக்கச் சுவையான இடம் இதுதான் என்பேன்.

2012-ல் பிரிட்டனின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு நிலக்கரி. ஐரோப்பியச் சந்தையில் கார்பன் உரிமத்தின் (கார்பனை வெளியேற்ற நிறுவனங்கள் வாங்க வேண்டிய அனுமதி) விலை அப்போது அதளபாதாளத்தில் கிடந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிரிட்டன் அதற்கு மேல் தன் பங்குக்கு ஒரு வரி போட்டது. 2013 ஏப்ரலில் டன்னுக்குச் சுமார் 5 பவுண்டு. அடுத்த வருடம் ஒன்பதரை. 2015-ல் 18. அதற்கு மேல் ஏற்றாமல் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய உரிம விலையும் இந்த வரியும் சேர்ந்து 2020-ல் 30 பவுண்டு என்பதுதான் முதல் திட்டம். நிறுத்திய இடமே வேலையை முடித்துவிட்டது.

கணக்கு எளிது. ஆயிரம் யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும், எரிவாயு 0.4 டன்னுக்குப் பக்கம். டன்னுக்கு 18 பவுண்டு என்றால் நிலக்கரிக்கு 16 பவுண்டு கூடுதல் செலவு, எரிவாயுவுக்கு 7. வித்தியாசம் 9 பவுண்டு. மின்சந்தையில் எந்த நிலையத்தை முதலில் ஓட்டுவது என்பதைத் தீர்மானிக்க அவ்வளவு போதும். 2015-16-ல் எரிவாயு விலையும் இறங்கியது. நிலக்கரி வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டது. 2015-ல் 22 விழுக்காடு, 2016-ல் 9. ஒரே வருடத்தில் பாதிக்கும் கீழே!

அதே சமயம் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி ஒன்று பழைய நிலையங்களுக்கு இரண்டு வழி விட்டது: புகை வடிக்கும் கருவிக்குச் செலவு செய், இல்லாவிட்டால் 2008 தொடங்கி 20,000 மணி நேரம் ஓட்டிவிட்டு 2015 முடிவதற்குள் மூடு. பல நிலையங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தன. முப்பது நாற்பது வருடம் ஓடிக் கடன் எல்லாம் அடைந்த எந்திரத்துக்கு யார் புதுச் செலவு செய்வார்கள்? 2016 மார்ச்சில் லாங்கானெட் மின் நிலையம் மூடியபோது ஸ்காட்லாந்தில் நிலக்கரி மின்சாரமே இல்லாமல் போனது.

2017 ஏப்ரல் 21 அன்று, தொழிற்புரட்சிக்குப் பின் முதல் முறையாக, ஒரு முழு நாள் நிலக்கரி இல்லாமல் நாடு ஓடியது. 2020-ல் இரண்டு மாதத்துக்கும் மேல் தொடர்ச்சியாக. 2024 ஜூன் 28 அன்று ராட்கிளிஃபுக்கு வந்த கடைசி ரயிலில் 1,650 டன் நிலக்கரி இருந்தது. ரயில் எஞ்சினுக்கு அந்த மின் நிலையத்தின் பெயரையே சூட்டியிருந்தார்கள்.

இதைப் படிக்கும் நாம் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். மூடப்பட்டவை வயதான நிலையங்கள். ராட்கிளிஃபுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல். இந்தியாவின் அனல்மின் நிலையங்களில் பெரும்பங்கு 2005-க்குப் பிறகு வந்தவை, வங்கிக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை. இங்கே மின்தேவை வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. பிரிட்டனில் 2005-ஐ ஒட்டி உச்சம் தொட்டு இறங்கியது. ஆகவே 18 பவுண்டு சூத்திரத்தை அப்படியே பெயர்த்து நடுவதற்கில்லை. இந்தியா நிகர பூஜ்ஜியத்துக்கு 2070 என்ற தேதியை 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் சொன்னதும், அங்கே நிலக்கரியை ‘ஒழிப்போம்’ என்ற சொல்லைக் ‘குறைப்போம்’ என்று மாற்ற வைத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

கடல் காற்று

நிலக்கரியின் இடத்தை எரிவாயு மட்டும் நிரப்பியிருந்தால் இறக்கம் பாதியில் நின்றிருக்கும். 2000-ல் பிளைத் கடற்கரைக்கு அப்பால் இரண்டே இரண்டு காற்றாலைகளுடன் பிரிட்டன் கடலில் இறங்கியது. 2022-ல் முழுமையடைந்த ஹார்ன்சீ-2-ல் 165 காற்றாலைகள், 1,300 மெகாவாட்டுக்கு மேல். யார்க்ஷயர் கரையிலிருந்து சுமார் 89 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் கரையில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாது. வடகடலின் டாகர் பேங்க் போன்ற பகுதிகளில் ஆழம் குறைவு, காற்று அதிகம். அது இயற்கை கொடுத்த சீதனம்.

விலையை இறக்கியது ஏல முறை. அந்த ஏலங்களில் அரசு ஒரு யூனிட்டுக்கு நிலையான விலை தருவதாகப் பதினைந்து வருட ஒப்பந்தம் போட்டது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் மீதியைக் கொடுக்கும். மேலே போனால் நிறுவனம் திருப்பிக் கட்ட வேண்டும். விலை ஆடாது என்று தெரிந்ததும் வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தன. 2012-ன் விலைமதிப்பில், 2015 ஏலத்தில் ஆயிரம் யூனிட்டுக்கு 114 பவுண்டுக்கு மேல் இருந்தது 2017-ல் 57.50 ஆனது; 2022-ல் 37.35. ஒப்பிட்டுப் பார்க்க, ஹிங்க்லி பாயிண்ட் சி அணுமின் நிலையத்துக்கு அரசு ஒப்புக்கொண்டது 92.50.

அப்புறம் பேராசை வந்தது. இரும்பு, வட்டி, கப்பல் வாடகை எல்லாம் ஏறிய 2023-ல் அரசு உச்சவரம்பை 44 பவுண்டில் வைத்தது. கடல் காற்றாலைக்கு ஒருவர்கூட ஏலம் கேட்க வரவில்லை. அடுத்த வருடம் வரம்பை 73-க்கு ஏற்றினார்கள்; 59-க்குச் சற்றுக் கீழே முடிந்தது. ஒரு வருடம் வீணானதுதான் மிச்சம். தரையில் காற்றாலை வைப்பதற்கு இங்கிலாந்தில் 2015 முதல் 2024 வரை கிட்டத்தட்டத் தடையே இருந்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். மிக மலிவான மின்சாரத்துக்கு ஒன்பது வருடம் கதவடைத்துவிட்டு, ‘மின்கட்டணம் ஏன் ஏறுகிறது’ என்று குழு போட்ட நாடு.

இன்னொரு முட்டுச்சந்து மின்கம்பி. காற்று ஸ்காட்லாந்தில், ஆட்கள் தெற்கே. நடுவில் கம்பி போதவில்லை. பலத்த காற்றடிக்கும் நாளில் வடக்கே காற்றாலையை நிறுத்தக் காசு, அதே நேரம் தெற்கே எரிவாயு நிலையத்தை ஓட்டக் காசு. இரண்டும் மக்கள் கட்டணத்தில். புதுக் கோபுரம் நட்டுக் கம்பி இழுக்கப் போனால் கிழக்கு இங்கிலாந்தின் கிராமங்களில் எதிர்ப்புப் பலகைகள்.

இருந்தாலும் 2024-ல் நாட்டின் மின்சாரத்தில் பாதி புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்து வந்தது. எல்லாப் பசுமைக்குடில் வாயுக்களையும் சேர்த்தால் 1990-ல் சுமார் 80 கோடி டன். 2024-ல் 37 கோடி. 54 விழுக்காடு இறக்கம்.

கணக்குப் புத்தகத்தின் ஓரங்கள்

அந்த 37 கோடியில் என்னென்ன இல்லை என்றும் பார்க்க வேண்டும்.

யார்க்ஷயரில் டிராக்ஸ் என்ற பெரிய மின் நிலையம். நிலக்கரி எரித்துக்கொண்டிருந்தது, ஆறு அலகுகளில் நான்கை மரத்துண்டுகளுக்கு மாற்றினார்கள். லூசியானா, மிசிசிபிப் பக்கத்து மரங்கள் குருணையாகி, அட்லாண்டிக்கைக் கடந்து வந்து எரிகின்றன. புகைபோக்கியில் அளந்தால் நாட்டிலேயே அதிகக் கார்பன் விடும் இடங்களில் முன்னணியில் நிற்கும். சர்வதேசக் கணக்கு விதிப்படி, மரத்தின் கார்பனை வெட்டிய நாட்டின் நிலக்கணக்கில் எழுத வேண்டும்; எரித்த நாட்டில் பூஜ்ஜியம். விதி தப்பில்லை, இரட்டை எண்ணிக்கையைத் தவிர்க்க வந்தது. ஆனால் அதை வைத்து மானியமும் கொடுத்து ‘பசுமை’ என்றும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2025-ல் அரசே, நிலையம் ஓடும் நேரத்தைக் குறைத்து, மானியத்தையும் வெட்டித்தான் 2031 வரை நீட்டித்திருக்கிறது.

இன்னொன்று இறக்குமதி. பிரிட்டன் வாங்கும் டிவி, சட்டை, எஃகு எல்லாவற்றையும் செய்யும்போது வெளியேறிய கார்பன் செய்த நாட்டின் கணக்கில் ஏறுகிறது. நுகர்வை வைத்துக் கணக்கிட்டால் பிரிட்டனின் பங்கு கணிசமாகக் கூடும். அதற்காக இறக்கம் முழுக்கக் கண்கட்டு என்பதும் சரியல்ல. நுகர்வுக் கணக்கும் 2007 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கித்தான் வந்திருக்கிறது, மெதுவாக.

போர்ட் டால்பட் இங்கே திரும்பி வருகிறது. நாட்டின் மொத்த உமிழ்வில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு அந்த ஒரு ஆலையுடையது. ஊதுலைகளுக்குப் பதில் பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் மின்வில் உலை வருகிறது. 125 கோடி பவுண்டு செலவில் 50 கோடி அரசின் பணம். கட்டுமானம் 2025 ஜூலையில் தொடங்கியது. அது ஓடத் தொடங்கும் வரை, உருட்டு ஆலைகளுக்கு வேண்டிய எஃகுப் பாளங்கள் வெளியிலிருந்து வருகின்றன. நெதர்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்போவதாக நிறுவனமே சொல்லியிருந்தது. அதே 2024 செப்டம்பரில், வேல்ஸில் உலை அணைவதற்குப் பத்து நாள் முன்பு, ஒடிசாவின் கலிங்கநகரில் டாடா ஸ்டீல் இந்தியாவின் மிகப் பெரிய ஊதுலையை ஏற்றியது. கலிங்கநகர் இந்தியத் தேவைக்காக வளர்வது. போர்ட் டால்பட்டுக்கு மாற்றாகக் கட்டியதல்ல. ஆனாலும் உலகத்தின் தலைக்கு மேல் வானம் ஒன்றுதான். பிரிட்டனின் கணக்கில் கழிந்ததெல்லாம் வானத்தில் கழிந்ததா என்று வேல்ஸ் தொழிற்சங்கக்காரர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பிரிட்டனிலோ பழைய இரும்பு வருடத்துக்குப் பல லட்சம் டன் ஏற்றுமதியாகிக்கொண்டிருக்கிறது. மின்வில் உலையைப் பத்து வருடம் முன்பே கட்டியிருந்தால் இந்த இடைவெளியே வந்திருக்காது.

பிளக்குக்கு இந்தப் பக்கம்

மின்துறையில் பெரிய குறைப்பு முடிந்துவிட்டது. இனி மிச்சம் கார், வீட்டுச் சூடு, பண்ணை, விமானம். கார் ஓரளவு தானாக நகர்கிறது: நிறுவனங்கள் விற்கும் புதுக் கார்களில் 2024-ல் 22 விழுக்காடு, 2030-ல் 80 விழுக்காடு மின்சாரக் காராக இருக்க வேண்டும் என்று விதி. பண்ணைக்கும் விமானத்துக்கும் இன்னும் யாரிடமும் நல்ல பதில் இல்லை. வீட்டுக்குப் பதில் இருக்கிறது, நடக்கத்தான் மாட்டேன் என்கிறது.

கிழக்கு லண்டனில் என் சித்தி குடியிருப்பது நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் வீடு, இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. 2022 குளிர்காலத்தில் எரிவாயு விலை எகிறியபோது வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர், சாக்ஸ், மேலே ஒரு கம்பளியோடு வீடியோ காலில் வருவார். சமையலறை மூலையில் கேஸ் பாய்லர். பிரிட்டனில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இதுதான் ஏற்பாடு.

2025 ஜனவரியில் அது நின்றுபோனது. வெளியே உறைபனி. ‘ஹீட் பம்ப் வைக்கலாமே சித்தி, அரசு 7,500 பவுண்டு மானியம் தருது’ என்று இங்கிருந்து நான் யோசனை சொன்னேன். ஒரு நிறுவனத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார். ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப்போட்ட மாதிரி. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தருவது. கேஸ் பாய்லர் அளவுக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் அனுப்பாது, அதனால் ரேடியேட்டர்கள் பெரிதாக வேண்டும். இரண்டு அறையில் மாற்ற வேண்டும் என்றார். வெந்நீர்த் தொட்டி வைக்க இடம் கேட்டார். முன்பு மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு அலமாரியில் தொட்டி இருந்ததாம். பாய்லரிலிருந்தே நேராக வெந்நீர் வரும் வகை வந்ததும் அதைக் கழற்றிவிட்டார்கள். காலியான அலமாரியைச் சித்தி சாமி அறை ஆக்கி இருபது வருடம் ஆகிறது.

“முருகனை எங்கடா கொண்டுபோய் வைக்கிறது?” என்றார் சித்தி. விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஓடும் செலவையும் போட்டுப் பார்த்தோம். மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 25 பென்ஸ், எரிவாயு 6. பாய்லரில் பத்து விழுக்காடு வீணாகும் என்றாலும் ஒரு யூனிட் சூட்டுக்கு 7 பென்ஸுக்குள் முடிந்துவிடும். ஹீட் பம்ப் நன்றாகப் பொருத்தினால் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் சூடு தரும்; 25-ஐ மூன்றால் வகுத்தால் 8 பென்ஸுக்கு மேல். மும்மடங்கு திறமையான எந்திரம், ஆனால் பில் கூடுதல்.

மின்சாரம் ஏன் இவ்வளவு விலை? சந்தையில் பெரும்பாலான நேரம் கடைசியாக ஓடும் எரிவாயு நிலையம்தான் எல்லோருக்கும் விலையைத் தீர்மானிக்கிறது. அதோடு காற்றாலைக்கும் மற்றதற்கும் கொடுத்த ஆதரவுத் தொகை பெரும்பாலும் மின்கட்டணத்தில் ஏற்றப்பட்டது, எரிவாயுக் கட்டணத்தில் அல்ல. அந்தப் பக்கத்தைச் சுத்தம் செய்த செலவு, இந்தப் பக்கம் சுத்தமாவதற்குக் குறுக்கே நிற்கிறது. 2028-க்குள் ஆண்டுக்கு 6 லட்சம் ஹீட் பம்ப் என்பது அப்போதைய இலக்கு. 2024-ல் விற்றவை ஒரு லட்சத்தைத் தொடவில்லை. குழாயில் எரிவாயுவுக்குப் பதில் ஹைட்ரஜன் விடலாம் என்று விட்பி, ரெட்கார் என்ற இரண்டு இடங்களில் சோதனைக்குத் திட்டம் போட்டார்கள்; விட்பியில் மக்கள் எதிர்ப்பு. 2023-க்குள் இரண்டும் கைவிடப்பட்டன.

வீட்டுக்குள் நுழைய முடியாத நாடு என்றால் அதுவும் இல்லை. 1965-ல் வடகடலில் எரிவாயு கண்டுபிடிக்கும் வரை பிரிட்டிஷ் அடுப்புகளில் எரிந்தது பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து எடுத்த நகர வாயு. புது வாயுவுக்கு வெப்பம் இரண்டு மடங்கு. பழைய பர்னரில் எரியாது. 1967 முதல் 1977 வரை, தெருத் தெருவாக வரைபடம் போட்டு, முன்னால் ஒரு குழு வந்து வீட்டில் என்ன அடுப்பு, என்ன கீசர் என்று எழுதிக்கொண்டு போனது. குறித்த நாளில் வாயுவை நிறுத்தினார்கள். ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து பர்னரை மாற்றினார்கள். மாற்ற முடியாத அடுப்புக்கு வேறு ஏற்பாடு. 1 கோடியே 30 லட்சம் வாடிக்கையாளர்கள், ஏறக்குறைய 4 கோடி சாதனங்கள், பத்தே வருடம். மாற்றும் செலவு எரிவாயு வாரியத்துடையது. அன்று அது அரசு நிறுவனம், ஊருக்கே ஒன்றுதான். எந்தத் தெருவுக்கு எப்போது என்று அதுவே முடிவு செய்தது. இன்று அந்த முடிவை எடுக்க வேண்டியவர், பாய்லர் நின்ற குளிரில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர். மானிய விண்ணப்பம், மூன்று கொட்டேஷன், சில வாரக் காத்திருப்பு.

சித்தி இரண்டு ராத்திரி தாக்குப்பிடித்தார். மூன்றாவது நாள் காலை தெருமுனைக் கடைக்காரர் சொன்ன பிளம்பர் வந்து, மதியத்துக்குள் புதுக் கேஸ் பாய்லரை மாட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் வீடியோ காலில் ஸ்வெட்டர் இல்லை. “பத்து வருஷம் வாரன்டிடா” என்று அட்டையைக் கேமராவில் காட்டினார். 2035 ஜனவரி வரை என்று அதில் போட்டிருந்தது.